மைனஸ் முப்பதிலும் நாய்க்குத் தாகம் எடுக்கும்

கேள்வி: கனடாவில் வினிபெக் நகரில் இருந்த நாங்கள் இந்த வருடம் ஸ்டைன்பாக் பக்கம் ஐந்து ஏக்கர் இடத்தோடு ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். முந்தைய வீட்டுக்காரர் ஒரு கிரேட் பிரனீஸ் நாயை விட்டுப் போனார். நான்கு வயது, 45 கிலோ. கோழிக்கூண்டைச் சுற்றிக் காவல் இருப்பதுதான் அதற்கு வாழ்க்கை. வீட்டுக்குள் கூப்பிட்டால் வருவதே இல்லை. எங்களுடைய லாப்ரடார் கலப்பு நாய்க்குப் பதினொரு வயது, 30 கிலோ. பகலில் அதுவும் வெளியேதான். காலை ஏழு மணிக்கு நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவோம். வைத்துவிட்டுப் போகும் தண்ணீர், கார் சூடேறுவதற்குள் உறைய ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், "பனியைத் தின்றுகொள்ளும், கவலைப்படாதீர்கள்" என்கிறார். கொஞ்சம் உப்பு போட்டால் உறையாது என்கிறார் ஒரு நண்பர். ஹீட்டர் வைத்த கிண்ணம் வாங்கலாம் என்றால், பிரனீஸ் போன மாதம், காரின் என்ஜினைக் குளிரில் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயரைக் கடித்துத் துண்டாக்கியது. ஷாக் அடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?
— ஒரு வாசகி, மனிடோபா

பதில்: வணக்கம் சகோதரி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனிடோபா போன்ற பிரெய்ரி (சமவெளி) மாகாணங்களில் வருடா வருடம் காதில் விழும் பேச்சு அது. நாய் பனியை நக்கும், கடிக்கும், அதில் விளையாடும், உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு நாய் தாகம் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. உங்கள் பிரனீஸுக்கு இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் லிட்டர். லாப்ரடாருக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றுதான். ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்க ஏறக்குறைய பத்து லிட்டர் பனி வேண்டும். அப்படியானால் பிரனீஸ் ஒரு நாளில் ஒரு பெரிய வாளி நிறையப் பனி தின்ன வேண்டும். எந்த நாயும் அவ்வளவு தின்னாது. தின்றாலும் அந்தப் பனியை உருக்குவது அதன் உடம்புச் சூடுதான். மைனஸ் 20 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர சுமார் 130 கிலோகலோரி செலவாகும். இரண்டரை கிலோவுக்கு 320 கிலோகலோரிக்கு மேல் போகும். ஏறக்குறைய ஒரு கப் உலர் தீவனத்தில் இருக்கும் சக்தி அது. குளிரைத் தாங்கவே கூடுதலாகச் சாப்பிட வேண்டிய நாயிடமிருந்து, தண்ணீருக்காக அதையும் பிடுங்குகிறோம்.

குளிர்காலத்தில் தாகம் குறையும் என்று நாம் நினைப்பதும் சரியில்லை. மைனஸ் 25-இல் காற்றில் ஈரப்பதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாய் அந்த வறண்ட காற்றை இழுத்து, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சூடாக்கி, நனைத்து வெளியே விடுகிறது. காலையில் அதன் மீசையிலும் கழுத்து முடியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது முழுக்க அதன் உடம்பிலிருந்து போன தண்ணீர். அதோடு, வெளியே இருக்கும் நாய் அதிகம் சாப்பிடுகிறது. உலர் தீவனத்தில் பத்து சதவீதம்தான் ஈரம். தண்ணீர் போதாவிட்டால் முதலில் சாப்பாடு குறையும், அப்புறம் மலம் இறுகும், சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான சிறுநீர் தங்கித் தங்கிப் போகிற நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம். வயதான நாயின் சிறுநீரகத்துக்கு இது இன்னும் பெரிய சுமை. மனிடோபாவின் விலங்குப் பராமரிப்புச் சட்டமும், வளர்க்கும் விலங்குக்குப் போதுமான உணவும் தண்ணீரும் தர வேண்டியது உரிமையாளரின் கடமை என்றே சொல்கிறது.

உப்பு விஷயம். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடல் தண்ணீர் அளவுக்கு உப்பு போட்டாலும் உறைநிலை மைனஸ் இரண்டுக்குத்தான் இறங்கும். மைனஸ் 20 வரை உறையாமல் இருக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு கிராம் அளவுக்கு உப்பு கரைக்க வேண்டும். மைனஸ் 21-க்குக் கீழே அதுவும் உறைந்துவிடும். கடல் தண்ணீர் அளவு உப்பே நாய்க்கு வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகும். அதைவிடப் பல மடங்கு என்றால் நாய் பிழைக்காது. சர்க்கரை, வெல்லப்பாகு, கிளிசரின் எதுவும் வேண்டாம். தண்ணீரில் பிங்பாங் பந்து மிதக்க விடுவது, உப்புத் தண்ணீர் பாட்டிலை மிதக்க விடுவது எல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்குக் கொஞ்சம் உதவும். ஜனவரியில் சராசரியே மைனஸ் 16-ஐத் தொடும் ஊர்ப்பக்கம் இருக்கிறீர்கள். அந்தப் பந்து ஐஸுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

இனி வழிக்கு வருவோம். கிண்ணத்தை உறையாமல் வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நாய்க்குள் தினமும் நான்கு லிட்டரை எப்படிச் சேர்ப்பது என்று கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் பாதி வேலை சமையலறையிலேயே முடிந்துவிடும்.

இதில் நமக்கு வழிகாட்டிகள் வடக்கில் ஸ்லெட் எனும் பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டி ஓட்டுகிறவர்கள். அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர் போகும் இடிட்டரோட் பந்தயத்தில், பதினொரு லிட்டர் தண்ணீரையாவது கொதிக்க வைக்கக்கூடிய அடுப்பும் பாத்திரமும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று விதி. நிற்கும் இடத்தில் பனியை உருக்கி, அந்த வெந்நீரில் இறைச்சித் துண்டும் கொழுப்பும் போட்டு, சூப் மாதிரி ஆக்கி நாய்கள் முன்னால் வைப்பார்கள். வெறும் தண்ணீரைப் பார்த்தால் முகம் திருப்பும் நாய்கூட இதை உறைவதற்குள் வழித்து நக்கிவிடும். தண்ணீரை நாள் முழுக்கத் திரவமாக வைத்திருக்க அவர்கள் மெனக்கெடுவதில்லை. பத்து நிமிஷம் போதும் அவர்களுக்கு.

நீங்களும் இதையே செய்யலாம். காலை ஆறு மணிக்குத் தீவனம் ஒரு கப் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு கப் என்று ஊற்றுங்கள். கையை விட்டால் குளிப்பதற்குப் பதமான சூடு இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. பிரனீஸுக்கு வேளைக்கு மூன்று கப் என்றால் முக்கால் லிட்டர் தண்ணீர் அப்போதே உள்ளே போய்விடுகிறது. மாலை வந்ததும் அதே மாதிரி இன்னொரு முறை. இரவு படுக்கும் முன் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், உப்பு சேர்க்காமல் வேகவைத்த கோழித் தண்ணீர் கொஞ்சம் கலந்து கொடுங்கள். இரண்டு லிட்டர் ஆகிவிட்டது. மிச்சத்தைத்தான் வெளியே இருக்கும் பாத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும். லாப்ரடாருக்கும் இதே முறை, அளவு மட்டும் குறைவு.

கோழித் தண்ணீர் என்றதும் நம் வீட்டு ரசத்தையோ குழம்பு வடித்ததையோ ஊற்றிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடையில் பெட்டியில் வரும் பிராத் வகைகளிலும் வெங்காயப் பொடி இருக்கும், லேபிளைப் படியுங்கள். இன்னொன்று, பிரனீஸ் ஆழமான மார்புக்கூடு உள்ள பெரிய இனம். இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு ஓடவிட வேண்டாம். இந்த இனங்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால்தான் மூன்று வேளையாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் இல்லாத அந்தப் பத்தரை மணி நேரம். அதற்கு மின்சாரம்தான் சரியான வழி என்பது என் கருத்து. உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். 25 வாட் சின்னக் கிண்ணம் உங்கள் ஊருக்குப் போதாது. நான்கைந்து லிட்டர் கிண்ணம் என்றால் 60 வாட்டாவது வேண்டும். என்னைக் கேட்டால், குதிரை, ஆடு வளர்ப்பவர்கள் வாங்கும் ஹீட்டர் வைத்த வாளியையே சொல்வேன். 100 வாட்டுக்கு மேல் இருக்கும், ஆழமாகவும் இருக்கும். அகன்ற தட்டையான பாத்திரத்தைவிட ஆழமான பாத்திரம் மெதுவாகத்தான் குளிரும். எந்தக் குளிர் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா, சி.எஸ்.ஏ. என்ற கனடியப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் உள்ளேயே இருக்கும். தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது மட்டும் சூடேறும். கை விட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். உறையாமல் இருந்தால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். செலவும் அதிகமில்லை. 60 வாட் நாள் முழுக்க எரிந்தாலும் ஒன்றரை யூனிட் ஆகாது.

வயர் விஷயம். நல்ல கிண்ணங்களின் வயரில் எஃகுச் சுருள் சுற்றியே வரும். அது இல்லாததை வாங்காதீர்கள். சுருள் கிண்ணத்தின் அடியில் தொடங்கிக் கொஞ்ச தூரம்தான் வரும், பிளக் வரை வராத மாடல்கள் உண்டு. மிச்ச நீளத்தையும் நாய்க்கு எட்டாதபடி மூட வேண்டும். இதற்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: வாளியைத் தரையில் வைக்காமல், கராஜின் வெளிச்சுவரில் நாயின் மார்பு உயரத்துக்கு ஒரு கொக்கி அல்லது சட்டம் அடித்து மாட்டுங்கள். வாளிக்குப் பின்னால் சுவரில் ஒரு துளை போட்டு வயரை நேராக கராஜுக்குள் எடுத்துவிடுங்கள். வெளியே தெரியும் வயர் ஒரு சாண்கூட இருக்காது. துளை போட முடியாத சுவர் என்றால், வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயைச் சுவரோடு கிளாம்ப் அடித்து இறுக்குங்கள். பிறகு வார இறுதியில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பிளக் போடாமல் இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். பிரனீஸ் அதை மோப்பம் பிடித்து, சுற்றி வந்து, அலுத்துப்போகட்டும். கடிக்க முயற்சி செய்கிறதா என்பது ஷாக் அடிக்க வாய்ப்பே இல்லாதபோது தெரிந்துவிடும்.

செருகும் பாயின்ட் ஜி.எஃப்.சி.ஐ. வகையாக இருக்க வேண்டும்; டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் உள்ளது. கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் அது சட்டென்று துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் காருக்கான பிளாக் ஹீட்டர் பாயின்ட் வெளியிலேயே இருக்கும், அதில் செருகத்தான் கை போகும். ஒன்றைச் சரிபாருங்கள்: மனிடோபா வீடுகளில் அந்தப் பாயின்ட்டை டைமரிலோ, உள்ளே இருக்கும் ஒரு சுவிட்சிலோ இணைத்திருப்பது வழக்கம். காலையில் காரை எடுத்ததும் யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் மாலை வரை வாளி வெறும் ஐஸ் கட்டி. எக்ஸ்டென்ஷன் கார்டு தேவைப்பட்டால், கடுங்குளிரிலும் வளையும் என்று போட்டிருக்கும் வெளிப்புறக் கார்டாக இருக்கட்டும். சாதாரண பிளாஸ்டிக் உறை மைனஸ் 30-இல் விறைத்து, வளைத்தால் வெடித்துவிடும். இணைப்பு பனியில் புதையாமல் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். வைக்கோல் பக்கத்தில் வாளியும் வேண்டாம், வயரும் வேண்டாம். சூடேற்றும் விளக்கைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; வைக்கோலும் அந்த விளக்கும் சேர்ந்து கொட்டகைகள் எரிந்துபோவது குளிர்நாடுகளில் வாடிக்கை.

நாய் வீட்டுக்குள்ளே தண்ணீர் வைப்பதும் தவறு. சிந்தினால் படுக்கை நனையும், நனைந்த வைக்கோலில் குளிர் நேராக உடம்பில் ஏறும். வாளிக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள். குடிக்கும்போது சிந்தும் தண்ணீர் அங்கேயே கண்ணாடியாக உறையும். இடுப்பு, மூட்டு தேய்ந்த பதினொரு வயது நாய் அதில் கால் வழுக்கினால் எழுந்து நிற்கவே சிரமப்படும்.

மின்சாரம் வேண்டாம், அல்லது போய்விட்டது என்றால்? ரப்பர் தொட்டி இரண்டு வாங்குங்கள். கறுப்பாக, கனமாக, பண்ணைக் கடைகளில் கிடைக்கும். தண்ணீர் உறைந்ததும் கவிழ்த்துக் காலால் மிதித்தால் ஐஸ் முழுக் கட்டியாக விழும், தொட்டி உடையாது. ஒன்று வீட்டுக்குள் கரையும்போது இன்னொன்று வெளியே இருக்கும். இரும்பு, எவர்சில்வர் கிண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம்; ஈர நாக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். தொட்டியைச் சுற்றித் தெர்மகோல் பலகை வைத்து, மேலே நாயின் மூக்கு நுழையும் அளவுக்குத் துளை விட்ட மூடி போட்டு, காற்றடிக்காத தெற்குப் பக்கம் வையுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். தெர்மகோல் சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. மைனஸ் 25-இல் சில மணி நேரம் தாங்கும், பத்தரை மணி நேரம் தாங்காது. அந்த நாட்களில் மதியம் ஒருவர் வந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கலந்து ஊற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையே கேட்டுப் பாருங்களேன். நாய் பற்றிப் பேச ஆர்வம் உள்ளவர் என்பது தெரிகிறது. பனியைத் தின்னும் கணக்கை அவருக்கும் சொல்லலாம்.

போதுமான தண்ணீர் போகிறதா என்று கண்டுபிடிக்க உங்களுக்குக் குளிர்காலம் ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. காலையில் நாய் சிறுநீர் கழித்த இடத்தைப் பாருங்கள். வெள்ளைப் பனியில் நிறம் அப்படியே தெரியும். வெளிர் மஞ்சள் என்றால் பரவாயில்லை. அடர்ந்த தேன் நிறமாகவோ ஆரஞ்சாகவோ சின்ன வட்டமாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். வழுவழு என்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் சரியில்லை. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். கழுத்துத் தோலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை உங்கள் லாப்ரடாருக்கு நம்பகமில்லை. வயதான நாயின் தோல் எப்படியும் தொய்வாகத்தான் இருக்கும்.

அந்த லாப்ரடாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிரனீஸின் இரட்டை ரோமம் இந்தக் குளிருக்கென்றே வந்தது. காற்றுத் தடுக்கும் கூடும், உலர்ந்த வைக்கோலும், வயிறு நிறையச் சாப்பாடும் இருந்தால் அது வெளியே நிம்மதியாகப் படுத்துக் கிடக்கும். பதினொரு வயது லாப்ரடார் அப்படி இல்லை. மூட்டு வலிக்கிற நாய் காற்றுக்குப் பயந்து தண்ணீர் இருக்கும் இடம் வரை நடக்காமலேயே படுத்திருக்கும். மைனஸ் பத்துக்குக் கீழே போகும் நாட்களில் பகலிலும் அதை உள்ளே விட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்குள் முடியாது என்றால் கராஜில் விடலாம். கராஜில் விடும் முன் கார் நிற்கும் தரையை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

காரின் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருக்கிறது. இனிக்கும். உறையாது. மற்ற தண்ணீர் எல்லாம் கல்லாகிக் கிடக்கும் நாளில், தரையில் சொட்டிய பச்சை அல்லது ஆரஞ்சுத் திரவம் தாகத்தில் இருக்கும் நாய்க்குத் தண்ணீராகத்தான் தெரியும். பத்துக் கிலோ நாயைக் கொல்ல மூன்று மேசைக்கரண்டி போதும். முதல் சில மணி நேரம் குடித்தவன் மாதிரித் தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும். பிறகு தெளிந்த மாதிரி தெரியும். நிறைய வீடுகளில் ஏமாந்துபோவது அந்த இடத்தில்தான். ஒன்றரை நாள், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். குடித்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாலையோரப் பனியை நாய்கள் தின்ன விடாதீர்கள் என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம். உப்பும் சேர்ந்தே கிடக்கும் அங்கே.

கடைசியாக, லாப்ரடார் எவ்வளவு குடிக்கிறது என்று இரண்டு நாள் அளந்து எழுதி வையுங்கள். தீவனத்தில் கலப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று லிட்டரைத் தாண்டினால், வறண்ட காற்றுதான் காரணம் என்று விட்டுவிட வேண்டாம். அந்த வயதில் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், குஷிங் எனும் ஹார்மோன் கோளாறு என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் போகும்போது காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொண்டுபோங்கள். மஞ்சள் பனியை அள்ளிக் கொண்டுபோனால் பயனில்லை, உருகி நீர்த்துவிடும். நீளக் காம்புள்ள பழைய கரண்டியை நாய் நிற்கும்போது அடியில் நீட்டிப் பிடித்து, சுத்தமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். டப்பாவைக் கார் டிக்கியில் வைக்காமல் உங்கள் பக்கத்து சீட்டில் வையுங்கள். உறைந்துவிட்டால் பரிசோதனை சரியாக வராது.